நின்ற வண்டியின் பெற்றோல்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியோடு முட்டிக்கொண்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். நாடு குரங்கைப் பற்றிப் பேசியது. கிராண்ட்பாஸில் எங்கள் ஒழுங்கையிலோ பேச்சு ஜெனரேற்றரைப் பற்றி. 2022இல், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு போன அந்த மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடனை உடனை வாங்கி எடுத்த சின்னச் சின்னப் பெற்றோல் ஜெனரேற்றர்கள் கடைகளின் பின்பக்கத்திலிருந்து தூசு தட்டி வெளியே வந்தன. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்மூட்டு நொந்ததுதான் மிச்சம். ஓடியது ஒன்றே ஒன்று. மாதத்துக்கு ஒருதரமாவது ஓடவிட்டு வைத்திருந்த கோழிக்கடைக்காரருடையது அது.

அடுத்த நாள் பக்கத்து கராஜில் அந்த ஜெனரேற்றர்களில் ஒன்றைக் கழற்றும்போது பார்த்துக்கொண்டு நின்றேன். காபரேற்றரின் அடியில் ஒரு போல்ட். அதைத் தளர்த்தினால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கோப்பை கழன்று வரும். ஃப்ளோட் மிதக்கும் கோப்பை அது. உள்ளே பெற்றோல் இல்லை. அடியில் தேன்நிறத்தில் ஒரு படலம், ஓரங்களில் அது கறுத்துத் தடித்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பலாப்பிசின் மாதிரி இழுபட்டது. பெற்றோல் மணம் என்று நாம் சொல்லும் அந்தக் கூர்மையான மணத்துக்குப் பதில், பழைய வார்னிஷ் டின்னைத் திறந்தால் வரும் புளித்த நெடி.

“இது எப்ப அடிச்ச பெற்றோல்?”

“கியூஆர் காலத்துல, நானா.”

“டேங்க்ல உள்ளத ஊத்திட்டு புதுசு அடிங்க. காபரேற்றர நான் கழுவித் தாரேன்.”

கராஜ்கார நானா, பெற்றோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நடுவில் தெரிய வேண்டிய வெளிச்சப் புள்ளி தெரியவில்லை.

கடைக்காரரின் குழப்பம் நியாயமானது. தாங்கியில் பாதிக்கு மேல் பெற்றோல் கிடந்தது, பற்றவைத்தால் எரியும், ஆனால் எஞ்சின் எடுக்காது. பெற்றோல் பழசானால் அதன் ‘சக்தி’ குறைந்துவிடும் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். சக்தி அவ்வளவாகக் குறைவதில்லை. மூன்று வருடப் பெற்றோலிலும் வெப்பம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். கெட்டுப்போவது வேறு இரண்டு விஷயங்கள்.

பெற்றோல் ஒரே பொருள் அல்ல. நான்கு காபன் அணு கொண்ட பியூட்டேன் முதல் பன்னிரண்டு காபன் அணு கொண்ட கனமான மூலக்கூறுகள் வரை நூற்றுக்கணக்கான ஐதரோகாபன்களின் கலவை. கொதிநிலை ஏறக்குறைய 30 பாகை செல்சியஸில் தொடங்கி 210 பாகை வரை நீள்கிறது. குளிர்ந்து கிடக்கும் எஞ்சினில் முதல் பொறி விழும்போது பற்றிக்கொள்வது இந்தக் கலவையின் இலேசான பகுதி மட்டுமே. கனமானவை அந்நேரம் இன்னும் திரவமாகவே இருக்கும். மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம், பகல் வெயிலில் தாங்கி சூடேறி இரவில் ஆறும்போதெல்லாம், முதலில் பறந்துபோவதும் அந்த இலேசான பகுதிதான். எஞ்சியிருப்பது நன்றாக எரியும் திரவம்தான். ஆனால் அதைப் பற்றவைத்துக் கொடுக்க ஆளில்லை. முதல் கேடு இது.

இரண்டாவது கேடு ஒட்சிசனால் வருவது. கனமான எண்ணெயை உடைத்துப் பெற்றோலாக்கும்போது அல்கீன்கள் எனப்படும் இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுகள் உருவாகின்றன. ஒக்டேன் கூட்டுவதற்கு அவை நல்லவை. காற்றில் உள்ள ஒட்சிசனுக்கும் அவை நல்ல இரை. ஒட்சிசன் ஒட்டிக்கொண்டதும் பரவொட்சைட்டுகள் பிறக்கும். ஒவ்வொரு பரவொட்சைட்டும் உடைந்து அடுத்த மூலக்கூறைத் தூண்டிவிடும். தூண்டப்பட்டவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீளமான, ஒட்டும் சங்கிலிகளாகும். கதவுக்குப் பூசிய ஆளிவிதை எண்ணெய் காய்ந்து தோலாவதும் இதே வேதியியல்தான். வண்ணப்பூச்சில் அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம், காபரேற்றரில் காசு கொடுத்துக் கழுவுகிறோம். செப்பு இருந்தால் இந்தத் தாக்கம் இன்னும் விரையும். சுத்திகரிப்பு நிலையங்கள் இதைத் தள்ளிப்போடத்தான் ஒட்சியேற்ற எதிரிகளைச் சிறிதளவு கலந்து அனுப்புகின்றன. அவை தாங்களே முதலில் ஒட்சியேறித் தீர்ந்துபோகும் வகை. தீரும்வரை பெற்றோலில் பெரிய மாற்றம் தெரியாது. தீர்ந்த பிறகு பிசின் வேகமாக ஏறும். நேற்றுவரை ஓடியது இன்று எடுக்கவில்லை என்று கராஜில் கேட்கும் புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம்.

வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. பத்துப் பாகை கூடினால் தாக்கவேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது வேதியியலாளர் கையில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஐரோப்பாவில் 17 பாகை நிலவறையில் வைக்கும் பெற்றோலுக்குச் சொல்லப்படும் ஆறு மாதத்தை, கொழும்பில் தகரக் கூரைக்குக் கீழே 37 பாகையில் வைக்கும் கேனுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இருபது பாகை வித்தியாசம் நான்கு மடங்கு வேகம். ஆறு மாதம் ஒன்றரை மாதமாகச் சுருங்கும். இது கறாரான கணக்கல்ல. ஆனால் ஜெனரேற்றரோடு வரும் கைந்நூலில் உள்ள எண்ணை நம்பி இருக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

இவ்வளவும் தாங்கியின் கதை. என் வாதம் வேறு: வண்டியை நிறுத்துவது தாங்கியில் உள்ள பழைய பெற்றோல் அல்ல, அந்தச் சின்னக் கோப்பையில் உள்ள பெற்றோல். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

பெற்றோலில் பிசின் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. 50 மில்லிலீற்றர் பெற்றோலைச் சூடான காற்றூதி ஆவியாக்கி, பாத்திரத்தில் என்ன மிஞ்சுகிறது என்று நிறுப்பார்கள். உலகின் பெரும்பாலான தரநிர்ணயங்களில் உச்சவரம்பு 100 மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம். புத்தம் புதிய, தரமான பெற்றோலுக்கே இந்த அளவு அனுமதி. நம் கோப்பை 30 மில்லிலீற்றர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் ஆவியானால் 1.5 மில்லிகிராம் வரை பிசின் மிஞ்சலாம்; கனவளவில் சுமார் 1.5 கன மில்லிமீற்றர். கடுகளவுதானே என்று தோன்றும். இப்போது எஞ்சினை மெதுவாக ஓடவிடும் பைலட் ஜெட்டைப் பாருங்கள். அதன் துளை 0.4 மில்லிமீற்றர் விட்டம், 2 மில்லிமீற்றர் நீளம் என்று கொண்டால், துளையின் மொத்த இடம் கால் கன மில்லிமீற்றர். புதிய பெற்றோல் ஒரே ஒரு தடவை காய்ந்தாலே அந்தத் துளையை ஆறு முறை அடைக்கப் போதுமான பிசின் விழுந்துவிட்டது. எல்லாம் துளைக்குள்ளேயே போய்ப் படிவதில்லை என்பதால்தான் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

முழுதாக அடைபடவும் வேண்டாம். 0.4 மில்லிமீற்றர் துளையின் சுவரில் 0.05 மில்லிமீற்றர் படலம் படிந்தால் விட்டம் 0.3 ஆகிறது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போவதால், பெற்றோல் பாயும் வழி 44 சதவீதம் குறைந்துவிடும். சோக் இழுத்தால் எடுக்கும், சோக்கை விட்டதும் செத்துப்போகும் என்ற முறைப்பாட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒரு தலைமயிர் தடிப்புக்கும் குறைவான அந்தப் படலம்தான்.

கோப்பைக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. அதில் காற்றுப்போக ஒரு துளை இருக்கிறது. இருந்தே ஆக வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் அதன் சூடு கோப்பையில் ஏறும். பெற்றோல் ஆவியாகும், மட்டம் இறங்கும், ஃப்ளோட் கீழே போகும், ஊசிவால்வு திறக்கும். தாங்கியின் குழாயைப் பூட்டாமல் விட்டிருந்தால் மேலேயிருந்து புதிதாகப் பெற்றோல் இறங்கிக் கோப்பையை நிரப்பும். அதுவும் ஆவியாகும். தாங்கியில் உள்ளது தீரும்வரை இந்தக் காய்ச்சி வடித்தல் ஓயாது. ஒவ்வொரு சுற்றிலும் தன் பங்குப் பிசினை விட்டுச்செல்லும். கிராண்ட்பாஸ் ஜெனரேற்றர்களில் நான் பார்த்தவற்றின் குழாய்கள் எல்லாம் திறந்தே இருந்தன. நவீன கார் இந்த நோயிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அதில் கோப்பை இல்லை. பெற்றோல் மூடிய அமுக்கக் குழாய்க்குள் இருக்கிறது, காற்றைப் பார்ப்பதில்லை. காபரேற்றர் வைத்த ஓட்டோ, பழைய மோட்டார் சைக்கிள், ஜெனரேற்றர், புல்வெட்டும் இயந்திரம், நீரிறைக்கும் பம்பு எல்லாவற்றிலும் அந்தக் கோப்பையோ அதன் வேலையைச் செய்யும் ஒரு சிறு அறையோ உண்டு.

2022, இந்த வேதியியலை நாடு முழுவதும் ஒரேயடியாகச் செய்துகாட்டிய வருடம். மே 24ஆம் திகதி ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 420 ரூபாய். ஜூன் 26ஆம் திகதி 470. மறுநாள், இனி அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு ஆகஸ்ட் முதலாம் திகதி தேசிய எரிபொருள் அட்டை என்ற கியூஆர் முறை நாடெங்கும் வந்தது: தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. எரிபொருள் ஷெட்டில் நாட்கணக்கில் வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலை அன்றே எரித்துத் தீர்க்க யாருக்கு மனம் வரும்? தாங்கியிலிருந்து உறிஞ்சி எடுத்துச் சோடாப் போத்தலிலும் தண்ணீர்க் கேனிலும் ஊற்றி வீட்டுக்குள் ஒளித்துவைத்தார்கள். ஆபத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: பெற்றோலின் பற்றுநிலை −43 பாகைக்குப் பக்கத்தில், அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, அடுப்படியில் தரையோடு தரையாக ஊர்ந்துபோகும். ஆபத்து இல்லாவிட்டாலும் அந்தச் சேமிப்பு வீண்தான். வெளிச்சம் ஊடுருவும் போத்தலில் ஒட்சியேற்றம் இன்னும் விரையும். சாதாரணப் பிளாஸ்ரிக் கேனின் சுவர் வழியாகவே இலேசான ஐதரோகாபன்கள் கசிந்து வெளியேறும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் சரி, அந்தக் கேன் மணப்பது அதனால்தான்.

வேறொரு விளையாட்டும் நடந்தது. மண்ணெண்ணெயின் விலை 2022 ஆகஸ்ட் 22ஆம் திகதிவரை லீற்றர் 87 ரூபாயிலேயே நின்றது. அன்றுதான் ஒரே தாவலில் 340 ஆனது. பெற்றோலின் ஐந்திலொரு பங்கு விலையில் ஓர் எரிபொருள் இருந்தால் கலக்காமல் விடுவார்களா? சூடேறிய எஞ்சின் அந்தக் கலவையில் ஓடும். ஆனால் மண்ணெண்ணெயில் இலேசான பகுதியே கிடையாது. காலையில் எடுக்காது, இழுவையில் தட்டும், பிளக் கறுத்துப்போகும். கலவையைத் தாங்கியில் வைத்து மறந்துபோனவர்களுக்கு நான் மேலே சொன்ன இரண்டு கேடுகளில் முதலாவது, பெற்றோல் பழசாகும் முன்பே வந்து சேர்ந்தது.

இனி எதனோலுக்கு வருவோம். யூடியூபில் இந்தியக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, இங்கேயும் பெற்றோலில் ‘ஸ்பிரிட்’ கலக்கிறார்களா என்று கராஜ் வாங்கில் உட்கார்ந்து கேட்பவர்கள் இப்போது அதிகம். இந்தியாவைப் போன்ற கட்டாய எதனோல் கலப்பு இலங்கையில் இல்லை. பெல்வத்தையிலும் செவனகலவிலும் கரும்புப்பாகிலிருந்து எதனோல் வடிக்கிறார்கள். 2020 ஜனவரியிலிருந்து எதனோல் இறக்குமதிக்குத் தடை போட்டது அந்த உள்ளூர் உற்பத்தியைக் காப்பாற்றத்தான். வடித்தது போவது மதுபான ஆலைகளுக்கு. எஞ்சினின் முறை வர நாளாகும்.

பாக்குநீரிணைக்கு அப்பால் கதை வேறு. 2003இல் சில மாநிலங்களில் 5 சதவீதக் கலப்போடு தொடங்கிய இந்தியா, 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டியது. 2023 பெப்ரவரியில் இ20 எனப்படும் 20 சதவீதக் கலவையை அறிமுகப்படுத்தி, 2025இல் அதையே நாட்டின் பொதுப் பெற்றோலாக்கியது. பழைய வண்டிக்காரர்கள் சென்னையிலிருந்து டெல்லி வரை சத்தம் போட்டார்கள். எதனோல் கலக்காத பெற்றோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டெம்பர் முதலாம் திகதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இ10க்கு வடிவமைத்து இ20க்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 1 முதல் 2 சதவீதமும், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதமும் குறையலாம் என்று பெற்றோலிய அமைச்சு ஒப்புக்கொண்டது. இந்த எண்களில் பெரிய மர்மமில்லை. ஒரு லீற்றர் பெற்றோலில் சுமார் 32 மெகாயூல், ஒரு லீற்றர் எதனோலில் சுமார் 21 மெகாயூல். எட்டுக்கு இரண்டு என்று கலந்தால் 29.8. சுத்தப் பெற்றோலைவிட 7 சதவீதம் குறைவு.

மைலேஜ் சண்டையில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. நின்ற வண்டியில் எதனோல் என்ன செய்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய கேள்வி.

எதனோல் மூலக்கூறின் ஒரு முனை ஐதரோகாபன். மறுமுனையில் உள்ள ஒட்சிசன்-ஐதரசன் கூட்டம் நீரோடு ஐதரசன் பிணைப்புப் போடும். அதனால் அது பெற்றோலோடும் கலக்கும், நீரோடும் எந்த விகிதத்திலும் கலக்கும். இரண்டும் ஒரே தாங்கியில் இருந்தால் அதற்கு நீரின் மேல்தான் பிரியம் அதிகம். சுத்தப் பெற்றோல் ஒரு லீற்றருக்கு இரண்டு மூன்று துளி நீரைத்தான் கரைத்துவைத்திருக்கும். மீதி அடியில் போய்க் கிடக்கும். 10 சதவீத எதனோல் கலந்த பெற்றோல் ஒரு லீற்றருக்கு 5 மில்லிலீற்றர்வரை கரைத்துக்கொண்டு தெளிவாகவே இருக்கும். இந்த இடத்தில் எதனோல் நல்ல பிள்ளை: தாங்கியில் சேர்ந்த சொற்ப நீரைத் துளித்துளியாக எஞ்சினுக்குள் கொண்டுபோய் வெளியேற்றிவிடும். குளிர்நாடுகளில் எரிபொருள் குழாய் உறையாமலிருக்க அற்ககோலைத் தனியே வாங்கி ஊற்றுவதே வழக்கம்.

எல்லையைத் தாண்டினால் நிலைமை தலைகீழ். எட்டு லீற்றர் கொள்ளும் ஓட்டோத் தாங்கி நிறைய இ10 இருக்கிறது. அதற்குள் 100 மில்லிலீற்றர் மழைநீர் இறங்கிவிட்டது என்று வையுங்கள். சுத்தப் பெற்றோலாக இருந்தால் அடியில் 100 மில்லிலீற்றர் நீர் கிடக்கும், அவ்வளவுதான். இ10இல் அந்த நீர் 800 மில்லிலீற்றர் எதனோலின் பெரும்பகுதியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். அரை லீற்றருக்கு மேற்பட்ட அடியடுக்கு ஒன்று உருவாகும், எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாய்க்கு நேரே. அது எஞ்சினில் எரியாது. மேலே மிஞ்சிய பெற்றோலோ எதனோல் கொடுத்த ஒக்டேனை இழந்து இரண்டு மூன்று எண் கீழே போயிருக்கும். குலுக்கினால் சேரும் என்று வண்டியை ஆட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. சேராது. ஊற்றிவிடுவதைத் தவிர வழியில்லை.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பீதியும் உண்மையும் பிரிகின்றன. எதனோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஒரு வாரத்தில் தாங்கியைக் கெடுத்துவிடும் என்று பரவும் பேச்சில் சரக்கில்லை. மூடிய தாங்கியில், காற்றுத்துளை வழியாக மட்டும் வரும் ஈரத்தால் இ10 பிரிவதற்கு மாதக்கணக்காகும், கொழும்பின் ஈரத்திலும்கூட. ஆபத்து திரவ நீர்தான்: இறப்பர் வளையம் காய்ந்து வெடித்த தாங்கி மூடி, மழைநீர் இறங்கிய ஷெட்டின் நிலத்தடித் தாங்கி, வெள்ளம். கிராண்ட்பாஸுக்கு வெள்ளத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. களனி கங்கையின் மட்டத்தை அளக்கும் நாகலகம் வீதி அளவுகோல் இங்கேதான் இருக்கிறது. 2016 மேயில் கங்கை பெருகியபோது கொலன்னாவைப் பக்கம் கழுத்தளவு நீரில் நின்ற ஓட்டோக்களை ஊரே பார்த்தது.

ஆனால் கோப்பையில் கதை மாறும். தாங்கியில் காற்றுக்கு வழி குறைவு. கோப்பையிலோ 30 மில்லிலீற்றர் திரவம் திறந்த துளையோடு வாரக்கணக்கில் கிடக்கிறது. சிறிதளவு எதனோல் சேர்ந்தால் பெற்றோலின் ஆவியமுக்கம் குறையும் என்று எதிர்பார்ப்போம். இ10இல் அது உண்மையில் சுமார் 7 கிலோபாஸ்கல் கூடுகிறது. எதனோலும் இலேசான ஐதரோகாபன்களும் ஒன்றையொன்று தள்ளிவிட்டுச் சேர்ந்து பறப்பதால் வரும் விளைவு இது. ஆக, சூடான எஞ்சினோடு ஒட்டிய கோப்பை இன்னும் சீக்கிரம் வற்றும். வற்றும்போது அடியில் தேங்குவது ஈரத்தோடு சேர்ந்த பகுதி. அந்த ஈரப்பகுதி மின்னைக் கடத்தும், பெற்றோல் கடத்தாது. கோப்பை நாகம் அல்லது அலுமினியக் கலப்பு உலோகம், ஜெட் பித்தளை. இரண்டு உலோகமும் நடுவில் மின்கடத்தும் திரவமும் இருந்தால் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் அதற்குப் பெயர் மின்கலம். கோப்பையின் உலோகம் அரித்துப்போகும். எதனோல் மெதுவாக ஒட்சியேறி அசற்றிக் அமிலமாவது அந்த அரிப்புக்குத் துணை.

நானா கோப்பையைத் திறந்ததும் நிறத்தைத்தான் பார்ப்பார். பழுப்புப் படலம் என்றால் பெற்றோல் கிடந்து பழசானது. வெள்ளைப் பொடி என்றால் நீர் புகுந்து உலோகத்தைத் தின்றிருக்கிறது. ஜெட்டைச் சுற்றிப் பச்சை என்றால் பித்தளையிலுள்ள செப்பு கரைகிறது. பழுப்பைத் தின்னரில் ஊறவைத்துக் கழுவலாம். வெள்ளையைக் கழுவினால் அதற்குக் கீழே உலோகம் குழிகுழியாக இருக்கும். அந்தக் காபரேற்றர் பிறகு ஒருபோதும் பழைய மாதிரி வேலை செய்யாது. இலங்கையில் நானா பார்ப்பது பெரும்பாலும் பழுப்பு. இந்தியாவில் இ20க்குப் பிறகு பழைய ஸ்கூட்டர்களில் மெக்கானிக்குகள் காட்டும் வெள்ளை, இங்கே வெள்ளத்தில் நின்ற வண்டிகளில்தான் தெரிகிறது.

எதனோலின் மேல் எந்தப் பழியைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று எனக்கு ஓரளவு தெளிவுண்டு. பிசினுக்கு அது காரணமல்ல. அல்கீனும் ஒட்சிசனும் வெப்பமும் போதும். சும்மா நிறுத்திவைக்கும் சின்ன எஞ்சின், எதனோல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கெட்டுப்போகும். எதனோல் செய்வது கேட்டின் வகையை மாற்றுவது: கழுவிச் சரிசெய்யக்கூடிய பழுதை, பொருளே மாற்ற வேண்டிய பழுதாக்குகிறது. கூடவே இறப்பரைத் தொடுகிறது. பழைய நைற்றைல் இறப்பர் குழாயும் கோர்க் வளையமும் எதனோலில் ஊதும், இளகும், காய்ந்ததும் வெடிக்கும். வருடக்கணக்காகத் தாங்கிச் சுவரில் ஒட்டிக்கிடந்த பிசினையும் துருவையும் எதனோல் கரைத்துக் கழற்றி வடிகட்டிக்கு அனுப்பும். கண்ணாடியிழைத் தாங்கி வைத்த பழைய படகுகளில் தாங்கியின் பிசினையே அது கரைத்திருக்கிறது.

காபரேற்றருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பெற்றோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எதனோலுக்கு 9 போதும், இ10க்குச் சுமார் 14.1. கணினி வைத்த எஞ்சின் புகைக்குழாயில் ஒட்சிசனை அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளும். காபரேற்றருக்குக் கண்ணுமில்லை காதுமில்லை. ஜெட்டில் குடைந்த துளை எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுதான் தரும். கலவை மெலிந்து எஞ்சின் சூடாக ஓடும். ஏற்கெனவே பிசின் படிந்து 44 சதவீதம் சுருங்கிய ஜெட்டில் இதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை, கோடையில் பேலியகொடை நெரிசலில் பழைய ஓட்டோ ஓட்டியவரிடம் கேட்டால் சொல்வார்.

இலங்கைக்கு இது வெறும் அயல்வீட்டுக் கதையாக நிற்காது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் நாடு இருப்பதை ஒட்டுப்போட்டு ஓட்டியது. பதிவிலுள்ள பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டோக்களில் காபரேற்றர் வைத்த பழையவை ஏராளம். நாளை இங்கும் கலப்பு வந்தால் முதலில் அடிபடுவது அவைதான். அதுவரை, தாங்கியில் எதனோல் இருக்கிறதா என்று சந்தேகப்படுபவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். அளவுகோடு போட்ட ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் 10 மில்லிலீற்றர் நீர் விட்டு, அதன்மேல் 90 மில்லிலீற்றர் பெற்றோல் ஊற்றி, மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். வெளியில், நெருப்புக்குத் தூரமாக. நீர்மட்டம் பத்திலேயே நின்றால் எதனோல் இல்லை. இருபதை நெருங்கினால் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் கலந்திருக்கிறது.

நிறுத்திவைக்கும் வண்டிக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. தாங்கியின் குழாயைப் பூட்டிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு கோப்பையின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் இறக்கிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. தாங்கியை ஒன்று நிறைத்து வையுங்கள், அல்லது சுத்தமாகக் காலி செய்யுங்கள். பாதியில் விடுவதுதான் மோசம், காற்றுக்கு இடம் கிடைத்துவிடும். கடைகளில் விற்கும் நிலைப்படுத்தி மருந்தைப் புதுப் பெற்றோலில் கலந்தால் பலனுண்டு. கெட்டதில் ஊற்றினால் காசுதான் போகும். ஜெட் அடைபட்டால் வயரிலிருந்து ஒற்றைச் செப்புக் கம்பியை உருவிக் குத்துவது நம் கராஜ்களின் வழக்கம். பித்தளை மெத்தென்றது, கொஞ்சம் அழுத்தினாலும் துளை பெருக்கும். தின்னரில் ஒரு இரவு ஊறவைத்துக் காற்றடிப்பது நல்லது. வடித்த பழைய பெற்றோலைச் சென்செபஸ்தியன் கால்வாயில் ஊற்றாதீர்கள். நீரின் மேல் படர்ந்து, எங்கோ ஒரு சிகரட்டுக்காகக் காத்திருக்கும். கொஞ்சம்தான் பழசானது என்றால், ஓடிக்கொண்டிருக்கும் காரின் நிறைந்த தாங்கியில் சிறிது சிறிதாகக் கலந்து தீர்த்துவிடலாம். பிசின் வாடை வந்துவிட்டால் அதுவும் வேண்டாம். கராஜில் கிரீஸ் கழுவக் கொடுத்துவிடுங்கள்.

குழாய் மாற்றும்போது பஞ்சிகாவத்தையில் அடிக்கணக்கில் வெட்டித் தரும் தெளிவான பிளாஸ்ரிக் குழாயை வாங்காதீர்கள். பார்க்க அழகு, பெற்றோல் ஓடுவதும் தெரியும். ஆனால் அதை வளையவைக்கும் நெகிழ்வுப்பொருளைப் பெற்றோல் சில மாதத்தில் உறிஞ்சிவிடும். எதனோல் இருந்தால் இன்னும் சீக்கிரம். பிறகு அது மஞ்சளாகி மூங்கில் மாதிரி விறைத்து, பொருத்திய இடத்தில் கசியத் தொடங்கும், எஞ்சினுக்கு நேர் மேலே. குழாயின் மேல் எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குங்கள். விலை கூடத்தான். ஓட்டோவின் காபரேற்றருக்கு வேண்டியது ஒன்றிரண்டு அடிதான்.